மூளை வலையங்களும் இதயத் துடிப்பும்: எது எதை நடத்துகிறது?

இதயம் தானாகவே துடிக்கும் உறுப்பு. உடலிலிருந்து எடுத்த தவளையின் இதயம் தகுந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவரிடம் மூளைக்கும் இதயத்துக்கும் இடையிலான நரம்புகள் அறுபட்டிருக்கும். ஆயினும் அந்த இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 முறை துடித்து அவரை வாழவைக்கிறது. உடல்நலமுள்ள ஒருவர் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு பெரும்பாலும் 70ஐ ஒட்டி இருக்கும். படியேறினால் அது உயரும். கெட்ட செய்தி ஒன்று காதில் விழுந்தால், இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே உயரும்.

துடிப்பதற்கு மூளை தேவைப்படாத ஓர் உறுப்பை மூளை எப்படி, எந்த அளவுக்கு ஆளுகிறது என்பது மிகப் பழைய கேள்வி. மூளைப் படப்பிடிப்பு வளர்ந்த பிறகு அது மேலும் விரிந்தது. மூளையின் பகுதிகள் தனித்தனியே இயங்காமல் வலையங்களாக இயங்குகின்றன என்றால், அவ்வலையங்கள் ஒன்றையொன்று தூண்டுவதும் அடக்குவதும் இதயம்வரை எவ்வாறு சென்றுசேர்கின்றன? இதயத்திலிருந்து திரும்பி வரும் செய்தி அதே வலையங்களை மாற்றுகிறதா?

இக்கேள்விகளுக்குத் தரப்பட்ட விடைகளை எடைபோடும்போது ஒரு வேறுபாட்டை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து மாறுகின்றன என்பது ஒரு செய்தி. ஒன்று மற்றதை மாற்றுகிறது என்பது வேறொரு செய்தி. இத்துறையில் முதல் வகைச் சான்று குவிந்துகிடக்கிறது. இரண்டாம் வகை அரிது.

பழைய விடைகள்

உணர்வின் இருப்பிடம் இதயம் என்று அரிஸ்டாட்டில் கருதினார். மூளை உடலின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பு என்பது அவர் கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் விலங்குகளின் நரம்புகளை வெட்டியும் கட்டியும் பார்த்து அதை மறுத்தார். அசைவும் குரலும் மூளையிலிருந்து நரம்புகள் வழியே வருகின்றன என்று காட்டிய அவரே, மார்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட பின்னும் இதயம் துடிப்பதையும் குறித்துவைத்தார். மூளைக்குத் தலைமை, இதயத்துக்குத் தன்னாட்சி என்ற இரண்டு உண்மைகளும் அப்போதே எதிரெதிரே நின்றன.

அவற்றுக்கிடையே பாலம் அமைந்தது 19ஆம் நூற்றாண்டில். 1845இல் எர்ன்ஸ்ட் வேபர், எடுவார்ட் வேபர் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டி இதயத் துடிப்பு நின்றுபோவதைக் காட்டினர். நரம்பு என்றால் தூண்டுவது என்று மட்டுமே அறிந்திருந்த காலத்தில், நரம்பு அடக்கவும் செய்யும் என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று அது. 1921இல் ஓட்டோ லோவி இதை வேதிப்பொருள் நிலை வரை கொண்டுசென்றார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னோர் இதயத்தின்மீது செலுத்தினார்; இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது. அந்தத் திரவத்தில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது. இக்கண்டுபிடிப்பு 1936இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்தது.

இதே காலத்தில் உணர்ச்சியைப் பற்றிய வாதம் தனி ஓடையாக ஓடியது. 1884இல் வில்லியம் ஜேம்ஸ், உடலில் ஏற்படும் மாற்றங்களை உணர்வதே உணர்ச்சி என்று வாதிட்டார்; டென்மார்க்கின் கார்ல் லாங்கே மறு ஆண்டே ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். 1927இல் வால்ட்டர் கேனன் இதை மறுத்தார். உள்ளுறுப்புகளின் நரம்புத் தொடர்பை வெட்டிய விலங்குகளும் சினம் காட்டுகின்றன. அச்சத்திலும் சினத்திலும் காய்ச்சலிலும்கூட உள்ளுறுப்பு மாற்றங்கள் ஒத்திருக்கின்றன. அவை உணர்ச்சியை உண்டாக்கும் வேகமும் கொண்டவையல்ல என்பன அவர் எடுத்துவைத்த சான்றுகள். மூளை முந்துகிறதா, உடல் முந்துகிறதா என்ற இந்த வழக்கு இன்று கருவிகள் மாறிய நிலையில் மீண்டும் நடக்கிறது.

உறுதியான அடித்தளம்: மூளைத்தண்டு

மூளைத்தண்டு அளவில் ஐயத்துக்கு இடம் குறைவு. 1870களின் தொடக்கத்தில் லைப்சிக் நகரில் கார்ல் லூட்விக்கின் ஆய்வகத்தில் விலங்குகளின் மூளையை மேலிருந்து படிப்படியாக வெட்டிப் பார்த்தார்கள். மேற்பகுதிகள் போன பின்னும் இரத்த அழுத்தம் பெரிதாகக் குறையவில்லை. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தைத் தொட்டதும் சரிந்தது. இரத்த ஓட்டத்தின் அடிப்படை ஆட்சி முகுளத்தில் இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

அந்த ஆட்சியின் சுற்றுவழி இன்று நன்கு அறியப்பட்டது. பெருந்தமனியின் வளைவிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள் ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் விரிவதை அளந்து முகுளத்துக்கு அறிவிக்கின்றன. முகுளத்தின் தனிப்பாதை உட்கரு அச்செய்தியை வாங்கிப் பிரிக்கிறது. அழுத்தம் கூடினால், வேகஸ் நரம்பின் இதய இழைகள் பலவும் புறப்படும் அம்பிகுவஸ் உட்கரு வழியே இதயம் தணிக்கப்படுகிறது. அதேவேளையில் இதயத்தை விரைவாக்கும் பரிவு நரம்புகளை இயக்கும் முகுளத்தின் முன்பக்கச் செல்கள் அடக்கப்படுகின்றன. பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியிலிருந்து கிளம்பி, கழுத்தடியில் உள்ள நரம்பு முடிச்சுகள் வழியாக இதயத்தை அடைகின்றன.

வேகஸ், பரிவு என்ற இந்த ஆட்சியின் இரண்டு கைகளின் வேகமும் வேறு. வேகஸ் நரம்பின் விளைவு அடுத்த ஓரிரு துடிப்புகளிலேயே தெரிந்துவிடும். பரிவு நரம்பின் விளைவு தொடங்கவே சில நொடிகள் ஆகும், அடங்கவும் நேரமெடுக்கும். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு தனியே விடப்பட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும் என்பதால், ஓய்வுநிலையில் காணும் 70 என்ற எண் வேகஸ் நரம்பு ஓயாமல் இழுத்துப்பிடித்திருப்பதன் விளைவு. மூச்சை உள்ளிழுக்கையில் இந்தப் பிடி தளர்ந்து துடிப்பு விரைவதும், வெளிவிடுகையில் இறுகி மெதுவாவதும் நலமான இதயத்தின் அடையாளம். பல ஆய்வுகளில் ‘மனநிலையின் அளவுகோல்’ என்று எடுத்துக்கொள்ளப்படும் துடிப்பு மாறுபாடு பெருமளவுக்கு இந்த மூச்சசைவுதான் என்பதை முன்கூட்டியே மனத்தில் இருத்துவது நல்லது.

புறணியின் பங்கு: தூண்டலும் சேதமும்

முகுளத்துக்கு மேலே, மூளையின் வெளியடுக்கான புறணி உள்ளிட்ட பகுதிகள் என்ன செய்கின்றன? 1993இல் எதுவார்தோ பெனாரோக் ‘மையத் தன்னியக்க வலையம்’ என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார். இன்சுலா, முன்நெற்றிப் புறணியின் உட்பகுதி, முன் சிங்குலேட், அமிக்டலா, ஹைப்போதலாமஸ், நடுமூளையின் சாம்பல் பகுதி, முகுளத்தின் உட்கருக்கள் ஆகியவை இருதிசைகளிலும் இணைந்து உள்ளுறுப்புகளை ஆளுகின்றன என்பது அதன் சாரம். இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வரைபடத்தின்மீதே நிற்கின்றன.

மனிதரிடம் கிடைத்த மிக நேரடியான சான்று வலிப்புநோய் அறுவை சிகிச்சையிலிருந்து வந்தது. 1992இல் ஸ்டீபன் ஓப்பன்ஹைமரும் உடனுழைத்தோரும் ஐந்து நோயாளிகளின் இன்சுலாவை மின்சாரத்தால் தூண்டினர். இடப்பக்கத்தில் தூண்டும்போது துடிப்பு குறைவதும், வலப்பக்கத்தில் உயர்வதும் மிகுதியாகக் காணப்பட்டன. பாடநூல்கள் இதை ‘வலம் பரிவுக்கு, இடம் எதிர்ப்பரிவுக்கு (அதாவது வேகஸுக்கு)’ என்று சுருக்கிக்கொண்டன. ஐந்து பேரை வைத்து எழுந்த இவ்விதி தாங்கிய எடை அளவுக்கு மிஞ்சியது. பின்னர் இன்னும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த தூண்டல் ஆய்வுகளில் இன்சுலா இதயத்தைத் தொடுவது உறுதியாயிற்று. இடம்–வலம் பிரிவு அவ்வளவு தெளிவாக வெளிப்படவில்லை.

சேதமடைந்த மூளைகள் மற்றொரு சான்று. முன் சிங்குலேட் பாதிக்கப்பட்ட சிலரிடம் மனக்கணக்கு போன்ற வேலைகளின்போது எழவேண்டிய இதயத் தூண்டல் எழவில்லை என்று ஹியூகோ கிரிட்ச்லியின் குழு 2003இல் காட்டியது. பக்கவாதத்துக்குப் பின் இதய மின்வரைபடம் மாறுவதும் ஒழுங்கற்ற துடிப்பு தோன்றுவதும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே மருத்துவர்கள் அறிந்தவை. ஆயினும் பக்கவாதம் ஒரே பகுதியைத் தேர்ந்து தாக்குவதில்லை. நோயாளியின் இதயமும் பல வேளைகளில் முன்பே நோயுற்றிருக்கிறது. எனவே இச்சான்று மேற்பகுதிகளின் பங்கை நிறுவப் போதும்; இடத்தைக் குறிக்கப் போதாது.

2016இல் பீட்டர் ஸ்ட்ரிக்கின் குழு குரங்குகளில் வெறிநாய்க்கடி வைரஸைத் தடங்காட்டியாகக் கொண்டு, அட்ரினல் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து நரம்பிணைப்புகளைப் பின்னோக்கித் தொடர்ந்தது. வைரஸ் புறணியில் ஒரே இடத்தில் போய் நிற்கவில்லை. அசைவை ஆளும் பகுதிகள், சிந்தனையோடு தொடர்புடைய பகுதிகள், உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் என்று பல இடங்களில் வெளிப்பட்டது. அது இதயத்தை நேரடியாகத் தொட்ட ஆய்வு இல்லை. ஆனாலும் ‘புறணியில் ஒரு மையம்’ என்ற எண்ணத்தைக் கைவிடச் செய்யும் வலிமை அதற்கு உண்டு.

வலையங்கள் ஒன்றையொன்று மாற்றும் விதம்

வலையம் என்ற சொல் இங்கு இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று, நரம்பிழைகளால் உண்மையில் இணைக்கப்பட்ட பகுதிகளின் கூட்டம். மற்றொன்று, செயல்சார் காந்தப் படத்தில் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் பகுதிகளின் கூட்டம். 1995இல் பாரத் பிஸ்வாலும் உடனுழைத்தோரும், சும்மா படுத்திருப்பவரின் மூளையில்கூட இடப்பக்க அசைவுப் பகுதியும் வலப்பக்க அசைவுப் பகுதியும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டனர். இரண்டாம் பொருள் அதிலிருந்து பெருகியது.

இதயத்தோடு சேர்த்துப் பேசப்படும் வலையங்கள் மூன்று. உள்முக நினைவிலும் எண்ணவோட்டத்திலும் ஈடுபடுவது இயல்புநிலை வலையம். இதை மார்க்கஸ் ரெய்க்கிலின் குழு 2001இல் வரையறுத்தது. புறவேலையில் கவனம் குவியும்போது எழுவது செயலாட்சி வலையம். இன்சுலாவின் முன்பகுதியையும் முன் சிங்குலேட்டையும் கொண்டு, எது இப்போது கவனத்துக்கு உரியது என்று தேர்வதாகக் கருதப்படுவது முக்கியத்துவ வலையம். பின்னிரண்டையும் வில்லியம் சீலியின் குழு 2007இல் பிரித்துக்காட்டியது.

2008இல் தேவராஜன் ஸ்ரீதரன், டேனியல் லெவிட்டின், வினோத் மேனன் ஆகியோர் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டனர். முக்கியத்துவ வலையத்தைச் சேர்ந்த வலப்பக்க முன் இன்சுலா முதலில் எழுகிறது. அதுவே செயலாட்சி வலையத்தை எழுப்பி, இயல்புநிலை வலையத்தைத் தணிக்கிறது என்பது அவர்கள் முடிவு. துடிப்பை ஆளும் வலையத்தின் உறுப்பாக ஏற்கெனவே அறியப்பட்ட இன்சுலாவே வலையங்களுக்கிடையிலான மாற்றியாகவும் நின்றதால் இரண்டு ஓடைகளும் கலந்தன. 2013இல் ஃப்ளோரியன் பைஸ்னரும் உடனுழைத்தோரும் அதுவரை வந்த படப்பிடிப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பரிவு நரம்புச் செயலோடு செயலாட்சி, முக்கியத்துவ வலையங்களின் பகுதிகளும், எதிர்ப்பரிவுச் செயலோடு இயல்புநிலை வலையத்தின் பகுதிகளும் மிகுதியாகச் சேர்ந்து வந்தன. அப்படியென்றால் வலையங்களுக்கிடையிலான தராசு சாயும் திசையே இதயத்தின் தராசு சாயும் திசை என்று சொல்லத் தோன்றும்.

சொல்லத் தோன்றுவதற்கும் நிறுவுவதற்கும் இடையில் தூரம் அதிகம். எந்தப் பகுதி முந்துகிறது என்று கணக்கிடப் பயன்பட்ட கிரேஞ்சர் முறை, காலத்தால் முந்துவதை வைத்துத் திசை சொல்வது. காந்தப் படம் அளப்பதோ நரம்பின் செயலை அல்ல, அதைத் தொடர்ந்து சில நொடிகள் கழித்து உயரும் இரத்த ஓட்டத்தை. அந்தத் தாமதம் மூளையின் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பகுதியின் இரத்தக்குழாய்கள் விரைவாக விரிந்தாலே அது ‘முந்துவதாக’த் தோன்றிவிடும். 2011இல் ஸ்டீபன் ஸ்மித்தின் குழு விடை முன்பே தெரிந்த செயற்கைத் தரவுகளில் பல முறைகளைச் சோதித்தபோது, கால முந்துதலை நம்பிய முறைகள் மிகவும் பின்தங்கின. கார்ல் ஃப்ரிஸ்டன் 2003இல் வகுத்த இயங்குநிலைக் காரண மாதிரி இரத்த ஓட்டத் தாமதத்தையும் கணக்கில் சேர்ப்பதால் இதைவிட மேலானது. ஆனால் ஆய்வாளர் முன்வைக்கும் மாதிரிகளுள் எது பொருந்துகிறது என்று மட்டுமே அது சொல்லும். அவர் நினைத்துப்பாராத வழியை அது தானாகக் கண்டெடுக்காது.

இதயத்தைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் சேர்கிறது. துடிப்பும் மூச்சும் மாறினால் மூளைக்குச் செல்லும் இரத்தமும் மாறும். அது படத்தில் வலையச் செயலாகவே பதிவாகக்கூடும். மூளையும் இதயமும் சேர்ந்து மாறுவதாகக் காணும் உறவில் ஒரு பங்கு நரம்புகளின் உரையாடலே அல்லாமல், குழாய்களில் ஓடும் இரத்தத்தின் எதிரொலியாக இருக்கலாம். இந்தப் பங்கைக் கழித்தால் உண்மையான உறவும் சேர்ந்து கழிந்துபோகும் என்பதால் எளிய தீர்வு எதுவும் இல்லை. இத்துறையின் மிகக் கடினமான முடிச்சு இதுவே.

மேலிருந்து கீழ்: இரண்டு கோட்பாடுகள்

2000இல் ஜூலியன் தேயர், ரிச்சர்ட் லேன் இருவரும் வகுத்த நரம்பு–உள்ளுறுப்பு ஒருங்கிணைப்பு மாதிரி இத்துறையில் மிகுந்த செல்வாக்குடையது. முன்நெற்றிப் புறணி அமிக்டலாவை ஓயாமல் அடக்கிவைக்கிறது. அந்த அடக்கல் தளர்ந்தால் பரிவுச் செயல் மேலோங்கி வேகஸ் பிடி நழுவுகிறது. ஆகவே துடிப்பு மாறுபாடு முன்நெற்றியின் வலிமையைக் காட்டும் வெளிக்குறி என்பது இம்மாதிரி. இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. அறுவைக்கு முன் ஓர் அரைமூளையைத் தற்காலிகமாக மயக்கும் சோதனையில், மயக்க மருந்து செலுத்தியதும் துடிப்பு உயர்ந்து மாறுபாடு குறைந்தது. இது தலையிட்டுப் பெற்ற சான்று. ஆனால் அந்த மருந்து முன்நெற்றியை மட்டும் மயக்குவதில்லை. துடிப்பு மாறுபாட்டுக்கும் கவனம், தன்னடக்கம் போன்ற திறன்களுக்கும் இடையில் காணப்படும் உறவும் தொகுப்பாய்வுகளில் மிகச் சிறியதாகவே இருக்கிறது. வயது, உடற்பயிற்சி, மூச்சின் வேகம் ஆகியவை தனித்தனியே அதைவிடப் பெரிய விளைவை உண்டாக்க வல்லவை.

1995இல் ஸ்டீபன் போர்ஜஸ் முன்வைத்த பல்வேகஸ் கோட்பாடு உளச்சிகிச்சை வட்டாரங்களில் பரவிய அளவுக்கு உடலியங்கியலில் ஏற்கப்படவில்லை. மூச்சோடு இசைந்து துடிப்பை மாற்றும், உறையுள்ள வேகஸ் இழைகள் பாலூட்டிகளுக்கே உரிய புதிய பேறு என்பது அதன் தூண்களில் ஒன்று. நுரையீரல் மீனில் அத்தகைய இழைகளும் மூச்சோடு இசைந்த துடிப்பும் இருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பால் கிராஸ்மன் உள்ளிட்டோரின் மறுப்புகளுக்குப் பிறகு இக்கோட்பாட்டின் பரிணாமப் பகுதியைத் தாங்கிப்பிடிப்பது கடினம்.

விருப்பத்தால் இதயத்தை ஆள முடியுமா என்ற துணைக்கேள்வி இந்தியாவையும் தொட்டது. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை வெங்கர், பக்சி, ஆனந்த் ஆகியோர் இங்கேயே கருவிகளுடன் சோதித்து 1961இல் முடிவுகளை வெளியிட்டனர். நாடியும் இதய ஒலியும் மங்கின அல்லது மறைந்தன. மின்வரைபடத்தில் துடிப்பு நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்ததே அதன் காரணம். விருப்பம் தசை வழியாக இதயத்தை அடைந்ததே தவிர நேராக அடையவில்லை. இந்தப் பாடம், துடிப்பைக் கருவியில் பார்த்தபடி அதை ஆளப் பழகும் இன்றைய உயிரியல் பின்னூட்டப் பயிற்சிகளுக்கும் பொருந்தும்: அவற்றின் பலனில் பெரும்பகுதி மெதுவான மூச்சின் பலனாக இருக்கலாம்.

கீழிருந்து மேல்

வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பான்மையானவை உடலிலிருந்து மூளைக்குச் செய்தி ஏற்றிச்செல்பவை. இந்த உடற்கூற்று உண்மை நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. ஒவ்வொரு துடிப்பையும் தொடர்ந்து மூளை மின்வரைபடத்தில் எழும் சிறு அலை 1980களிலிருந்து ஆராயப்படுகிறது. 2014இல் பாரிஸ் நகரின் கேத்தரின் தலோன்-போத்ரியின் குழு, அந்த அலையின் அளவைக் கொண்டு, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு குறியை ஒருவர் காண்பாரா என்பதை ஓரளவு முன்னறிய முடிந்ததாகக் காட்டியது. இதுவும் சேர்ந்து மாறுதல் வகையைச் சேர்ந்த சான்றே.

2023இல் கார்ல் டைசெரோத்தின் குழு செய்த சோதனை வேறு தரத்தது. எலிகளின் இதயத் தசையில் ஒளிக்கு இசையும் புரதத்தைப் பொருத்தி, உடலுக்கு வெளியிலிருந்து ஒளிபாய்ச்சி, துடிப்பை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 900 வரை உயர்த்தினார்கள். மூளையைத் தொடவில்லை. ஆபத்து இருக்கக்கூடிய சூழலில் அந்த எலிகள் கூடுதல் பதற்ற நடத்தை காட்டின. இன்சுலாவின் பின்பகுதி எழுந்தது. அப்பகுதியை அடக்கியபோது பதற்றம் தணிந்தது. இதயத்திலிருந்து மூளைக்கு, அங்கிருந்து நடத்தைக்கு என்ற சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே அசைத்துப் பார்த்த ஆய்வு இது. ஜேம்ஸுக்கு இது பாதி வெற்றி. ஆபத்தில்லாத சூழலில் வேகமான துடிப்பு மட்டும் பதற்றத்தை உண்டாக்காததால் கேனனுக்கும் மீதி இடம் இருக்கிறது.

நரம்புகளையே நாடாத வழி ஒன்றும் இருக்கக்கூடும். 2024இல் வெளியான ஆய்வில், எலிகளின் நுகர்ச்சிக் குமிழில் உள்ள செல்கள் இரத்த அழுத்தத்தின் துடிப்பை அழுத்தம் உணரும் அயனி வாயில்கள் மூலம் நேரே உணர்வது காட்டப்பட்டது. இது மூளையின் பிற பகுதிகளிலும் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்குகிறது என்பது இனித்தான் அறியப்பட வேண்டும்.

நோயாளிகளிடம் கிடைக்கும் சான்று

1990இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட டாகோட்சுபோ நோயில், பெருந்துயரோ அதிர்ச்சியோ தாக்கிய பின் இதயத்தின் இடக் கீழறை திடீரெனத் தளர்கிறது. அதை விளக்கும் அளவுக்கு இதயத் தமனி அடைப்பு இருப்பதில்லை. சூரிச் நகரின் ஆய்வாளர்கள் 2019இல் இந்நோயாளிகளிடம் உணர்ச்சிப் பகுதிகளுக்கும் தன்னியக்கப் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு குறைந்திருப்பதைக் கண்டனர். படம் எடுக்கப்பட்டது நோய் வந்து சென்ற பிறகு என்பதால், அக்குறைவு நோயின் காரணமா விளைவா என்று பிரிக்க முடியவில்லை.

அந்த வகையில் 2017இல் அகமது தவாக்கோலின் குழு வெளியிட்ட ஆய்வு ஒரு படி முன்னே செல்கிறது. முன்பே படமெடுக்கப்பட்ட 293 பேரைப் பின்தொடர்ந்ததில், அமிக்டலாவின் செயல் மிகுந்தவர்களிடம் பின்னாளில் இதய, இரத்தக்குழாய் நோய் கூடுதலாக வந்தது. எலும்பு மஜ்ஜையின் செயலும் தமனி அழற்சியும் இடைப்பட்ட படிகளாகத் தோன்றின. ஆனால் நோய் கண்டவர்கள் 22 பேர் மட்டுமே. படமெடுத்தவர்களும் பெரும்பாலும் வேறு மருத்துவக் காரணங்களுக்காக வந்தவர்கள்.

திறந்திருக்கும் கேள்விகள்

முகுளம் இதயத்தை ஆளும் சுற்றுவழி ஐயமற நிறுவப்பட்டது. இன்சுலா, முன் சிங்குலேட், அமிக்டலா ஆகியவை அச்சுற்றுவழியைத் திருத்த வல்லவை என்பது தூண்டலாலும் சேதத்தாலும் போதிய அளவு உறுதிப்பட்டது. இதயத்தின் செய்தி மூளையின் நிலையை மாற்றும் என்பது விலங்குகளில் காரணச் சான்றுடன் நிற்கிறது; மனிதரிடம் இன்னும் சேர்ந்து மாறுதலின் அளவிலேயே இருக்கிறது. பெரிய வலையங்களுள் ஒன்று மற்றதை மாற்றி, அம்மாற்றம் இதயத்தை அடைகிறது என்ற முழுச் சங்கிலி நல்ல கருதுகோள். நிறுவப்பட்ட உண்மை என்று அதை எழுதும் நூல்கள் அவசரப்படுகின்றன.

அளவுகோலும் ஒரு தடை. துடிப்பு மாறுபாட்டின் மெதுவான அலைகளுக்கும் விரைவான அலைகளுக்கும் இடையிலான விகிதத்தைப் பரிவு–எதிர்ப்பரிவுச் சமநிலை என்று படிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாகக் கண்டிக்கப்பட்டும் தொடர்கிறது. மெதுவான அலைகளில் வேகஸின் பங்கும் அழுத்த உணர்விகளின் பங்கும் கலந்திருப்பதால், அந்த விகிதத்தை ஒட்டி எழுதப்பட்ட மூளைப்பட முடிவுகள் மறுபடி பார்க்கப்பட வேண்டியவை.

புதிய வழிகளும் திறந்துள்ளன. மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் முன்நெற்றிப் புறணியைத் தூண்டும்போது சிலரிடம் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. மனச்சோர்வு சிகிச்சையில் தூண்ட வேண்டிய இடத்தைத் தேர இதைப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. வலிப்புநோயாளிகளின் மூளைக்குள் வைக்கப்படும் மின்முனைகள் இரத்த ஓட்டத்தின் தாமதம் இல்லாமல் நரம்பின் செயலையே பதிவதால், இன்சுலா உண்மையில் முந்துகிறதா என்ற கேள்வியை நேராகச் சோதிக்க இடம் தருகின்றன. தூண்டலையும் இத்தகைய பதிவையும் துடிப்பின் தனித்தனி அளவுகளோடு ஒரே மனிதரிடம் சேர்த்துச் செய்யும் ஆய்வுகள் பெருகும்வரை, வலையங்களுக்கிடையே திசை காட்டி வரையப்படும் அம்புக்குறிகளைத் தற்காலிகமானவையாகவே கொள்ள வேண்டும்.